ஜீப்புக்குள் ஏறிய காற்று பம்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாடு முடிந்து சாவகாசமாக உட்காரும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத்துக்கு மூன்று ஜீப்பில் போவதாகத் திட்டம். ஒருவர் தன் வண்டிக்குள்ளேயே காற்றடிக்கிற கம்ப்ரசர் ஒன்றைப் பொருத்தப் போவதாகச் சொன்னார். இன்னொருவர், "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு எதுக்குடா காத்தடிக்கிற மிஷின்? பஞ்சர் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் இயற்பியல் வாத்தியார். வண்டி ஓட்டுவதில் என் அனுபவம் சைக்கிளும் டிவிஎஸ் ஐம்பதும்தான். ஆனால் இந்தக் கம்ப்ரசருக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. அது ஒரு தடவை காருக்குள் வந்து, இனி வேண்டாம் என்று இறக்கிவிடப்பட்டு, நேர் எதிரான காரணத்துக்காகத் திரும்பவும் ஏறிக்கொண்டது. முதல் தடவை, டயரில் காற்று தானாகப் போய்க்கொண்டே இருந்ததால். இரண்டாம் தடவை, மனிதன் வேண்டுமென்றே காற்றை இறக்கிவிடக் கற்றுக்கொண்டதால்.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845ல். அப்போது குதிரை வண்டிதான் இருந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1888ல் பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதே யோசனையை மறுபடி கண்டுபிடித்தார். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். காரில் காற்று டயர் போட்டுக் காட்டியவர்கள் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள். 1895ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் பந்தயத்தில் தாங்களே வண்டி ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். 100 மணி நேரக் கெடுவுக்குள் அவர்களால் வந்து சேர முடியவில்லை. ஆனாலும் காற்றின் மேல் கார் ஓடும் என்பதை ஊர் பார்த்துவிட்டது.

அடுத்த இருபது ஆண்டுகள் கார் வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சர்தான் வாழ்க்கை. அந்தக் காலத்து டயர் ஒல்லியானது. வண்டியின் எடையைத் தாங்க 60 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டும். (நம் பஞ்சர் கடை பவுண்டுதான், ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு.) சாலையில் குதிரை லாட ஆணிகள் கிடக்கும். கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் நடுரோட்டில் கைப்பம்பை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். அதனால் 1910களில் கேடிலாக், பேக்கர்ட் போன்ற விலை உயர்ந்த அமெரிக்கக் கார்களில் இன்ஜினே சுழற்றும் ஒரு சிறிய காற்று பம்பு வந்தது. நீளமான ஹோஸை மாட்டி இன்ஜினை ஓட விட்டால் போதும்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு வேறொரு சாமான் கடையில் கிடைத்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இன்ஜினின் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு பம்பைத் திருகிவிடுவார்கள். மற்ற சிலிண்டர்கள் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருக்க, இந்த ஒரு சிலிண்டரின் அழுத்தம் பம்புக்குள் இருக்கும் குட்டி பிஸ்டனை மேலும் கீழும் தள்ளும். குட்டி பிஸ்டன் வெளியிலிருந்து சுத்தமான காற்றை இழுத்து டயருக்கு அனுப்பும். பெட்ரோல் ஆவி டயருக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது பிஸ்டன். யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

1920களில் இதெல்லாம் மறைந்தது. அகலமான 'பலூன்' டயர்கள் வந்தன. முப்பது பவுண்டு அளவிலேயே ஓடின, பஞ்சரும் குறைந்தது. சாலையோரம் பெட்ரோல் பங்குகள் முளைத்து அங்கே காற்றும் பிடிக்க முடிந்தது. காருக்குள் பம்பு எதற்கு? கம்ப்ரசர் வண்டியிலிருந்து இறங்கி பங்கின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது, பாதி நாள் "மிஷின் ரிப்பேர்" என்ற அட்டையோடு.

இனி மணலுக்கு வருவோம்.

எகிப்தில் 1920களில் ரால்ஃப் பேக்னல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் இருந்தார். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் பாலைவனத்துக்குள் கிளம்பிவிடுவார். முதலில் 'டி' மாடல், பிறகு 'ஏ' மாடல். இரண்டிலும் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவே பெருமணல் கடல் என்று ஒன்று இருக்கிறது. வரிசை வரிசையாக மணல் குன்றுகள். கார் அதைக் கடக்காது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பேக்னல்டின் குழு 1929, 1930 பயணங்களில் அதற்குள் புகுந்தது. அங்கே வண்டி புதைந்து, எடுக்க முடியாமல் போனால் தண்ணீர் தீரும் வரைதான் ஆயுள்.

அவர்கள் செய்த காரியங்கள் பல. சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடுகள் வைத்திருந்தார்கள். கொதித்து ஆவியாகும் ரேடியேட்டர் தண்ணீரை ஒரு டப்பாவில் பிடித்துக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே விட்டார்கள். காந்த ஊசி காரின் இரும்பால் ஏமாறும் என்பதால் சூரிய நிழலில் திசை காட்டும் கருவி செய்துகொண்டார்கள். இவற்றோடு, இளகிய மணலில் டயரின் காற்றைக் குறைத்துவிட்டு ஓட்டினார்கள்.

இதற்கு எட்டாம் வகுப்புப் பாடம் போதும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. உங்கள் ஜீப் ஆட்களோடும் சாமான்களோடும் 2000 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயரில் 35 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். பழைய அஞ்சலட்டை ஞாபகம் இருக்கிறதா? ஒன்றரை அட்டைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 15 பவுண்டுக்கு இறக்கினால் அது 470 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. கிட்டத்தட்ட நான்கு அட்டை. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் கணக்கு அச்சுப் பிசகாமல் இருக்காது, ஆனால் போக்கு இதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: டயர் அகலவாக்கில் பிதுங்குவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படிகிறது, டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி. காற்று நிறைந்த டயர் மணலைத் தோண்டித் தனக்கு முன்னால் ஒரு மேட்டைத் தானே குவித்து, அந்த மேட்டின் மேலேயே ஏறப் பார்க்கும். காற்று குறைந்த டயர் மணலின் மேல் மிதந்து போகும். தேரிக்காட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்களுக்கு முதல் வகை நன்றாகவே தெரியும்.

1939ல் போர் தொடங்கியதும் பேக்னல்டை மறுபடி ராணுவத்துக்கு அழைத்து கென்யாவுக்கு அனுப்பினார்கள். அவர் போன கப்பல் மத்தியதரைக் கடலில் இன்னொரு கப்பலோடு மோதியது. பழுது பார்க்க எகிப்தில் இறக்கிவிட்டார்கள். பாலைவனம் தெரிந்த ஒரே ஆளை விதி பாலைவன வாசலிலேயே கொண்டுவந்து விட்டது என்று சொல்ல வேண்டும். 1940 ஜூலையில் ஜெனரல் வேவல் அனுமதியோடு அவர் உருவாக்கியதுதான் நெடுந்தூரப் பாலைவனப் படை. முதலில் நியூசிலாந்துக்காரர்கள். பின்னாளில் இந்திய வீரர்களின் பிரிவும் அதனோடு சேர்ந்து வேலை செய்தது.

நம் குழுவின் வாக்குவாதத்துக்கு விடை இந்தப் படையின் வண்டிகளில் இருக்கிறது. முதலில் அவர்களிடம் இருந்தவை செவ்ரோலே லாரிகள், பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. அவை தேய்ந்தபின் 1941ல் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு லாரிகள் வந்தன. கனம் அதிகம், பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தன. ஆயிரம் மைல் போய் வரும் படைக்குப் பெட்ரோல்தான் உயிர். 1942ல் புதிய வண்டி வாங்கியபோது மறுபடி இரு சக்கர இழுவை செவ்ரோலேக்குத்தான் போனார்கள். சரியான காற்றும் பழகிய கையும் இருந்தால் பின் சக்கரம் மட்டுமே இழுத்தும் அந்த மணலில் போக முடிந்தது. நாலு சக்கர இழுவை வீண் என்று நான் சொல்லவில்லை. இருந்தால் நல்லதுதான். ஆனால் 35 பவுண்டு காற்றோடு நான்கு சக்கரமும் இழுத்தால், நான்கு சக்கரமும் சேர்ந்து குழி தோண்டும்.

சரி, காற்றை இறக்க ஒரு குச்சி போதும், வால்வை அழுத்தினால் தானாகப் போய்விடும். திரும்ப ஏற்றுவது? ஜீப் டயர் ஒன்றின் கொள்ளளவு சுமார் 60 லிட்டர். 15லிருந்து 35 பவுண்டுக்கு ஏற்ற ஏறத்தாழ 80 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நான்கு டயருக்கும் 320 லிட்டருக்கு மேல். நம் சைக்கிள் பம்பில் ஒரு அழுத்துக்குக் கால் லிட்டர் என்றால், ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்த வேண்டும், அதுவும் வெயிலில். மனித சுபாவம் என்ன செய்யும்? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இறக்கிய காற்றோடே தார் ரோட்டில் ஏறிவிடும். அங்கேதான் ஆபத்து. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி முறிவதை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் மடங்கி நிமிர்கிறது. மணலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றும் செய்யாது. நெடுஞ்சாலையில் 80க்கு மேல் போனால் உள்ளுக்குள் வெந்து கிழியும். வண்டி நிறைய பிள்ளைகள் இருக்கும்போது கிழியும். கம்ப்ரசர் வாங்கப் போகிறவர் பணத்தை வீணாக்கவில்லை என்பதுதான் என் தீர்ப்பு.

காற்றை ஏற்றும் அந்த உழைப்பை வண்டிக்கே ஒப்படைத்தது அமெரிக்காவின் 'டக்'. 1942ல் பிறந்தது. டி, யு, கே, டபிள்யூ என்ற நான்கு எழுத்து ஜெனரல் மோட்டார்ஸின் குறியீடு: டி என்றால் 1942ஆம் ஆண்டு வடிவம், கே என்றால் முன் சக்கர இழுவை, டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு அச்சுகளும் இழுக்கும். ஒரு ஆறு சக்கர லாரியின் மேல் படகின் உடலைப் பொருத்தியது போன்ற வண்டி. கப்பலிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு கடலில் நீந்தி வந்து, அப்படியே கரையேறி, ரோட்டில் ஓட வேண்டும்.

இதை உருவாக்கிய மூவரும் மூன்று விதம். ராட் ஸ்டீபன்ஸ் பந்தயப் பாய்மரப் படகுகள் வடிவமைத்தவர். டென்னிஸ் பியூல்ஸ்டன் உலகம் சுற்றிய ஆங்கிலேய மாலுமி. (இவர் பின்னாளில் டிடிடி மருந்தால் பறவைகள் அழிவதை எதிர்த்துப் போராடி, 1967ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சுற்றுச்சூழல் அமைப்பின் முதல் தலைவரானார். அது தனிப் பதிவுக்கான கதை.) மூன்றாமவர் ஃபிராங்க் ஸ்பியர், எம்.ஐ.டி.யில் படித்த இளம் அதிகாரி. ராணுவத்துக்கு இந்த வண்டியில் நம்பிக்கை வரவில்லை. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் புயலில் ஒரு கடலோரக் காவல் படகு மணல் திட்டில் தட்டி நின்றது. சோதனைக்காக அங்கே இருந்த டக் ஒன்று அலைக்குள் போய் ஏழு பேரை மீட்டு வந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறியது. 1943 ஜூலையில் சிசிலித் தரையிறக்கம், அடுத்த ஆண்டு நார்மண்டி. மொத்தம் 21,000க்கு மேல் கட்டினார்கள்.

ஸ்பியரின் பெயர் நிற்பது காற்றால். கடற்கரை மணலில் டயர் தளர்வாக இருக்க வேண்டும், ரோடு ஏறியதும் விறைப்பாக வேண்டும். குண்டு விழுகிற கரையில் எந்த டிரைவர் இறங்கி ஆறு டயருக்கும் காற்றடிப்பான்? அதனால் இன்ஜின் ஓட்டும் கம்ப்ரசர், காற்றைச் சேர்த்துவைக்க ஒரு டாங்க், அங்கிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் குழாய் என்று வைத்தார்கள். சுற்றும் சக்கரத்துக்குள் சுற்றாத குழாயிலிருந்து காற்று போக வேண்டும். அதற்குச் சக்கரத்தின் நடுவில் கசியாமல் சுழலும் ஒரு இணைப்பு. பின்னாளில் வந்த டக்குகளின் படங்களில் சக்கரத்தின் வெளிப்பக்கம் வளைந்து போகும் அந்தக் குழாயைப் பார்க்கலாம். டிரைவர் இருக்கையில் இருந்தபடியே மணலுக்கு 10, 12 பவுண்டு, தார் ரோட்டுக்கு 40 என்று வண்டி ஓடும்போதே மாற்றினான். சல்லடை மாதிரி ஓட்டையான டயரைக் காப்பாற்ற முடியாது, ஆனால் சிறு கசிவு என்றால் கம்ப்ரசர் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும்.

போருக்குப் பின் அமெரிக்கர்கள் இதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். பிடித்துக்கொண்டவர்கள் ரஷ்யர்கள். போர் உதவியாக டக்குகள் அங்கேயும் போயிருந்தன. விதாலி கிராச்சேவ் என்ற வடிவமைப்பாளர் அதே மாதிரி ஒரு நீரூர்தியைச் செய்தார், பிறகு அந்தக் காற்று ஏற்பாடு மற்ற ராணுவ வண்டிகளுக்கும் பரவியது. 1958ல் வந்த ஜில்-157 லாரியில் அது வழக்கமான உறுப்பாகவே இருந்தது. சேறும் பனியும் நிறைந்த நாடு, ரோடு குறைவு, தேவை இருந்தது. அமெரிக்க ராணுவ லாரிகளில் அது பரவலாகத் திரும்பி வந்தது 1980களில்தான். தாங்கள் பெற்ற பிள்ளையை நாற்பது வருடம் கழித்து அடையாளம் கண்டார்கள்.

தனியார் ஜீப்புகளுக்குக் கம்ப்ரசர் வந்த வழி வேறு. சக்கரத்துக்குக் குழாய் போடும் அளவுக்கு யாருக்கும் செலவு கட்டாது. கம்ப்ரசரும் டாங்கும் வண்டியில், ஹோஸ் கையில், இறங்கி நின்று அடிப்பது. 1970களின் அமெரிக்க ஜீப்புகளில் ஏ.சி.க்காக யார்க் என்ற கம்ப்ரசர் இருந்தது. அதற்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி உண்டு. ஏ.சி. வாயுவுக்குப் பதில் வெறும் காற்றை இழுக்கவிட்டாலும் எண்ணெய் இல்லாமல் இறுகிப்போகாது. கைவேலை தெரிந்தவர்கள் அதைக் காற்று பம்பாக மாற்றிக்கொண்டார்கள். இன்று நம் கார்களில் இருக்கும் பெரும்பாலான ஏ.சி. கம்ப்ரசர்களுக்கு எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுகிறது, எனவே யாராவது மெக்கானிக் "சார், பழைய ஏ.சி. கம்ப்ரசரையே மாட்டிடலாம்" என்றால் எண்ணெய்க்கு என்ன வழி என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 1975ல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் காற்றழுத்தத்தால் டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவியை விற்றது. அதற்குக் காற்று வேண்டும் என்பதால் 12 வோல்ட் கம்ப்ரசர் கூடவே வந்தது, டயருக்கும் பயன்பட்டது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. பனிப்பாறை மேல் பெரிய டயர்களில் 2, 3 பவுண்டு வரை இறக்கி ஓட்டுகிறார்கள். சாதாரண டயரில் நீங்கள் அதைச் செய்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 15க்குக் கீழே போக வேண்டாம்.

பொருத்தப் போகிறவருக்குச் சில வார்த்தைகள். நல்ல 12 வோல்ட் கம்ப்ரசர் 30 ஆம்பியர், சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்தே தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே. அடிக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். கம்ப்ரசரைச் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தண்ணீர் ஏறும் உயரத்திலும் வைக்காதீர்கள். தலையிலிருந்து வெளிவரும் முதல் ஓரடி ஹோஸ் உலோகப் பின்னல் போட்டதாக இருக்க வேண்டும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் கையைச் சுட்டது நினைவிருக்கிறதா? இங்கே அது பல மடங்கு, சாதாரண ரப்பர் உருகிவிடும். டாங்க் வைத்தால் அழுத்தம் மிஞ்சும்போது தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு கட்டாயம், அதில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். மூன்று வண்டிக்கு ஒரு கம்ப்ரசர் போதாது, இரண்டாவது வண்டியிலும் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று. காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். நம் கடலோர ஊர்க் காற்றில் அது நிறையவே சேரும், டாங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். லாரி டிரைவர்கள் ஏர் பிரேக் டாங்கின் அடியில் இருக்கும் வால்வை இழுத்து, புஸ்ஸென்று காற்றோடு தண்ணீரை வெளியே விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் டாங்கிலும் அடியில் ஒரு வால்வு வையுங்கள், வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள்.